சாப்பாட்டுக்குப் பின் ஒரு குளிசை

எங்கள் சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் வைத்தியர் என்னைச் சாகடிக்கப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கவனமில்லாமல் செய்தார். சாகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். கோப்பாயில் எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பெயரால் பயனில்லை. அவர் செய்ததுதான் தெரிய வேண்டும்.

இதய வால்வில் (இதயத்தின் அறைகளுக்கு நடுவே திறந்து மூடும் கதவு) சத்திரசிகிச்சை செய்துகொண்டு, வீட்டில் குளிசைப் (மாத்திரைப்) பையோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வெங்காயம் வைக்கத் தெரியும். எழுதத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் யாரும் எழுதவில்லை.

முதலில் வந்தது இளைப்பு. முப்பத்தைந்து வயதில், கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிவிட்டு நிலத்தில் குந்த வேண்டி வந்தது. பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை ஒன்று இரண்டாகி மூன்றாகியது. கடைசியில் சுவரில் சாய்ந்து இருந்தபடி நித்திரை கொண்டேன்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டவர்கள், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது. எட்டு வயதில் ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். அது வாதக் காய்ச்சல் (தொண்டை நோவுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) என்றும், அப்போது கெட்ட வால்வு மெல்ல மெல்லச் சுருங்கி இப்போது ஊசிக் காதுபோல ஆகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

ரயில் ஓடிய கடைசிக் காலத்தில் கொழும்புக்குப் போனேன். இடப் பக்கம் மார்புக்குக் கீழே வெட்டி, ஒட்டியிருந்த வால்வை விரித்துவிட்டார்கள். தழும்பு முதுகு வரை போகிறது. மூன்றாம் நாள் இதயத்தின் தாளம் தப்பியது. அப்போதுதான் அந்தக் குளிசையைத் தொடங்கினார்கள். புரோப்பிரனலோல். பீற்றாத் தடுப்பி என்கிற வகை (இதயத்தை விரைவாக அடிக்கச் சொல்லி உடம்பு அனுப்பும் கட்டளையைத் தடுக்கும் மருந்து). ஒரு நாளைக்கு மூன்று.

மருந்துத் துண்டு எழுதிக் கையில் தந்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கும் தெரியாது. அவர் என்று சொல்வது என் கணவரை.

ஊருக்கு வந்து கொஞ்சக் காலத்தில் சண்டை திரும்பத் தொடங்கியது. ரயில் நின்றது. பாதை பூட்டப்பட்டது. கொழும்பில் திரும்ப வந்து காட்டச் சொன்ன நாள் வந்தது, போனது. ஆகவே அந்தத் துண்டைக் கொண்டுபோய் எங்கள் சந்தி வைத்தியரிடம் கொடுத்தோம்.

அவர் அதை வாசித்தார். உள்ளே போனார். குளிசைகளைப் பழைய சோதனைத் தாளில் மடித்த உறையில் போட்டு, மேலே தமிழில் எழுதித் தந்தார்: மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பின்.

இரண்டு வருடம் இப்படித்தான். மாதத்தில் ஒருமுறை போவேன். துண்டைக் கொடுப்பேன். வாசிப்பார். மடித்துத் தருவார். உறை வரும். என் மணிக்கட்டில் கை வைத்துத் துடிப்புப் பார்த்தது ஒருமுறைகூட இல்லை.

அந்தக் குளிசையோடு வாழ்வது எப்படி என்று சொல்கிறேன். கையும் காலும் வெயிலிலும் குளிர்ந்திருக்கும். படியேறினால் தொடை ஈரச் சாக்கு மாதிரிப் பாரமாக இருக்கும். கனவுகள் வரும். சும்மா கனவு அல்ல, நிறமும் சத்தமும் உள்ள கனவு. காலமை எழும்பினால் எது நடந்தது எது நடக்கவில்லை என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். இதையெல்லாம் சந்தி வைத்தியரிடம் சொன்னேன்.

"நெஞ்சை வெட்டின ஆள். இதெல்லாம் இருக்கும்தானே" என்றார்.

இன்னொன்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஒருநேரச் சாப்பாடு, அன்றைக்கு ஒரு குளிசைதான் போடுகிறேன் என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓம், ஓம்" என்றார். அந்த இரண்டு ஓமையும் நான் மறக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். பிழைத்து வந்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பேன் என்று. முதல் வருடம் உடம்பில் பலம் இல்லை. இரண்டாம் வருடம் இருந்தேன். ஆறு நாளும் பின்னேரம் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். பாலும் பழமும் சாப்பாடு அல்ல. சாப்பாடு என்றால் அது விரதம் அல்ல.

சாப்பாடு இல்லை. ஆகவே சாப்பாட்டுக்குப் பின் என்பதும் இல்லை. உறையைச் சுவாமிப் படத்தின் பக்கத்தில் வைத்துவிட்டேன். விரதம் முடிக்கும் பாறணைச் சோறு சாப்பிட்ட பிறகு தொடங்கலாம் என்று நினைத்தேன். எழுதியிருந்ததை அப்படியே செய்தவள் நான். இதை வாசித்துச் சிரிக்கிறவர்கள், தங்கள் வீட்டில் விரதம் இருக்கும் பெண்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

முதல் இரண்டு நாளும் உடம்பு இலேசாக இருந்தது. கை சூடாகியது. முருகன் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் காதுக்குள் துடிப்புக் கேட்டது. நான்காம் நாள் சேலைக்கு மேலால் நெஞ்சு துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வியர்த்து ஊற்றியது. கோயிலில் பக்கத்தில் இருந்த பெண்கள் விரதக் களை என்றார்கள். ஒருத்தி, முருகன் சோதிக்கிறார் என்றாள்.

என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார்.

"இன்னும் ரெண்டு நாள்தானேயப்பா. ரெண்டு நாளைப் பொறுக்க மாட்டீங்களோ?" என்றேன்.

"நான் பொறுப்பன். உன்ரை நெஞ்சு பொறுக்குமோ?" என்றார்.

நான் கேட்கவில்லை. அது என் பிழை. அதை ஒளிக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் காலமை எழுந்து நிற்க முடியவில்லை. மூச்சு பழையபடி முட்டியது. வாகனம் இல்லை. இருந்தாலும் எண்ணெய் இல்லை. சைக்கிள் கரியரில் தலையணை வைத்து, என்னை அவருடைய முதுகோடு சேர்த்துச் சேலையால் கட்டினார்கள். அவர் மிதித்தார். இருபாலைச் சந்தி தாண்டும்போது தன் முதுகில் என் நெஞ்சு அடிப்பது தனக்குத் தெரிந்தது என்று பிறகு சொன்னார். தன்னுடையதா என்னுடையதா என்று தெரியாமல் மிதித்தாராம்.

ஆஸ்பத்திரியில் இருந்த வைத்தியர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். நாள் முழுக்க நின்றவரின் முகம். துடிப்பு நூற்று அறுபது என்று தாதி மிஸியிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"கடைசியா எப்ப இந்தக் குளிசை போட்டனீங்கள்?"

"விரதம் துவங்க முதல் நாள். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு."

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"நான் நிப்பாட்டேல்லை. சாப்பிட்டால்தானே சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு ஒண்டு வரும்."

அவர் உறையைக் கேட்டார். என் கணவர் சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வைத்தியர் மேலே எழுதியிருந்ததை வாசித்தார்.

"உங்களில பிழை இல்லை" என்றார். பிறகு, "கொஞ்சம் இருக்கு" என்றார்.

கொழும்புத் துண்டையும் என் கணவர் கொண்டுவந்திருந்தார். வைத்தியர் அதை வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"மூண்டு மாதத்தால திரும்பப் பாத்து, துடிப்பு ஒழுங்காயிருந்தால் மெல்ல மெல்லக் குறைச்சு நிப்பாட்டச் சொல்லியெல்லோ இதில கிடக்கு. சட்டெண்டு நிப்பாட்டக் கூடாது எண்டு கீழ கோடும் அடிச்சிருக்கினம். உங்களுக்கு ஆரும் வாசிச்சுச் சொல்லேல்லையோ?"

"எங்கடை டொக்டர் மாதா மாதம் வாசிக்கிறவர்" என்றார் என் கணவர்.

"வாசிச்சு?"

"வாசிச்சிட்டு மடிச்சுத் தாறவர்."

வைத்தியர் துண்டைத் திருப்பித் தந்தார். ஊசி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் இப்படி நடந்தது என்று அடுத்த நாள்தான் சொன்னார். நான் தோட்டக்காரி என்று கேட்டறிந்து, மறுபக்கம் பாரம் கட்டிய கிணற்றுத் துலாவை வைத்துச் சொன்னார்.

"துலாக் கயித்தைக் கிணத்துக்குள்ள இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். சட்டெண்டு கையை விட்டால் என்ன நடக்கும்?"

"துலாக்கொடி மேல பாயும். நிக்கிறவன்ரை தாடையை உடைக்கும்."

"அதுதான் நடந்தது. ரெண்டு வருசமா இந்தக் குளிசை உங்கடை நெஞ்சை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. உடம்பும் சும்மா இருக்காது. மற்றப் பக்கத்தால பாரம் கூட்டிக்கொண்டே வரும். நீங்கள் ஒரே நாளில கையை விட்டிட்டீங்கள்."

மருத்துவத்தில் இதை மீள்பாய்ச்சல் (மருந்தைத் திடீரென நிறுத்தும்போது நோய் முன்னையிலும் வேகமாகத் திரும்புவது) என்கிறார்கள். வால்வில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. இரண்டு வருடத்தில் ஒருமுறையாவது யாராவது எனக்கு இந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம்.

திரும்பக் குளிசை தொடங்கி, துடிப்பு அடங்கி, ஒரு கிழமையால், ஏழாம் நாள், வீட்டுக்கு விட்டார்கள். நேர்த்தி பாதியில் நின்றது. அது எனக்கும் முருகனுக்கும் இடையில் உள்ள விஷயம்.

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்கில், ஜெனரேற்றர் போடும் நாளில், இதயத்துடிப்பைத் தாளில் கோடாக வரையும் படத்தை எடுத்தார்கள். அந்தப் பெண் வைத்தியர் குழல் வைத்து நீண்ட நேரம் கேட்டார்.

"வால்வு நல்லாத் திறக்குது. தாளமும் ஒழுங்கு. உங்களுக்கு இந்தக் குளிசை இனித் தேவைப்படாது எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறீங்களோ, தெரியுமோ?"

"நினைக்கிறன். தெரிய வேணுமெண்டால் குறைச்சுத்தான் பாக்க வேணும்."

பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார். உண்மையைச் சொல்கிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் இந்தக் குளிசை முடிகிறது. கப்பலில் வருமோ, எப்போது வருமோ தெரியாது. சந்தி டிஸ்பென்சரிக்குக் கிளாலிக் கடலால் படகில் யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. தன்னால் எனக்குத் தர முடிந்தது, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதற்குப் போதும். இடையில் ஏதாவது பிழையானால் முழு அளவுக்குத் திரும்பிப் போக அவரிடம் குளிசை இல்லை.

"குறைக்காமல் இருந்தால்?" என்று கேட்டேன்.

"தைப் பொங்கலுக்கு முதலே தானா முடியும். அப்ப ஒரே நாளில நிக்கும்."

அந்த ஒரே நாளை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இன்னொருமுறை தாங்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே ஒரு தடவைதான். சரிவந்தால் குளிசை இல்லாமல் வாழ்வேன். சரிவராவிட்டால் அதற்கு அடுத்தது என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பழைய கொப்பித் தாளின் பின்பக்கத்தில் கிழமை கிழமையாக எழுதித் தந்தார். அந்த அளவுகளை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் யாராவது பார்த்துச் செய்துவிடுவார்கள். என் நெஞ்சுக்கு எழுதியது உங்கள் நெஞ்சுக்குப் பொருந்தாது. பத்துக் கிழமைக்கு மேல் எடுத்தது என்பது மட்டும் போதும். கடைசியாக, "சாப்பாட்டை மறவுங்கோ. மணிக்கூட்டைப் பாருங்கோ" என்றார்.

முழுக் குளிசை பாதியாகும். பிறகு கால்வாசியாகும். கடுகுக்குக் கொஞ்சம் பெரிய சாமானைக் கால்வாசியாக வெட்டுவது இலேசல்ல. நான் கத்தியால் வெட்டினேன். ஒரு துண்டு மூலைக்குப் பறந்தது, மற்றது மாவாகியது. மாவாகியதைத் திரும்ப வாங்க முடியாது.

எங்கள் வீட்டுப் பக்க அறையில் இராசமணி அக்கா இருந்தார். கடற்கரை ஊரான மயிலிட்டிக்காரி. சண்டையால் கடலும் வள்ளமும் வீடும் ஒரே கிழமையில் விட்டுவிட்டு நடந்து வந்தவர். வெற்றிலை போடுவார். இடுப்பில் பாக்குவெட்டி இல்லாமல் நான் அவரைக் கண்டதில்லை.

"கொண்டா இஞ்சை" என்றார். பாக்குவெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, குளிசையின் நடுவில் வைத்து ஒரு அழுத்து. சரி பாதி. திருப்பி வைத்து இன்னொரு அழுத்து. நாலும் ஒரே அளவு. தூள்கூட இல்லை.

அன்றிலிருந்து வெட்டுவது அவருடைய வேலை. கிழமைக்கு ஒருமுறை வெட்டி, பழைய திருநீற்றுச் சம்புடத்தில் போட்டுத் தருவார். கிணற்றடியில் வாளிக்கு எங்களுக்குள் சண்டை வரும். வந்தால் சொல்வார்:

"உன்ரை நெஞ்சு என்ரை பாக்குவெட்டிக்குள்ள கிடக்கு, பிள்ளை. வாயைக் கொஞ்சம் அடக்கு."

காலமை எழும்பமுன் படுத்தபடி துடிப்பை எண்ண வேண்டும். கணவருடைய கையில்தான் நொடி முள் உள்ள மணிக்கூடு. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சத்தமாக எண்ணுவார்.

"எழுபத்தொண்டு, எழுபத்திரெண்டு..."

"அடுப்பு மூட்டியாச்சோ?"

"பொறு. நீ கதைச்சதில விட்டிட்டன். திரும்ப ஒண்டிலிருந்து."

சுவரில் கரியால் எழுதி வைத்தோம். அறுபத்துநாலு. அறுபத்தாறு. எழுபது. எழுபத்துநாலு. இலக்கம் ஏற ஏற எனக்குப் பயம் ஏறியது. ஏறத்தான் வேண்டும், எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கேட்கும்போது விளங்கியது. காலமை ஐந்தரைக்கு விளங்கவில்லை.

மூன்றாம் கிழமை தலையிடித்தது. நாலாம் கிழமை கை நடுங்கியது. ஒரு நாள் அடிப்பொன்று தவறி, அடுத்தது இடித்துக்கொண்டு வந்தது. கணவர் உடனே சைக்கிளை எடுத்தார். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இடைக்கிடை ஒன்று தவறுவது எல்லோருக்கும் உண்டு, குறைக்கிற படியை இன்னும் ஒரு கிழமை நீட்டுவோம் என்றார். நீட்டிய கிழமைக்குத் தன்னுடைய மேசை இலாச்சியிலிருந்து எடுத்துத் தந்தார். அது யாருக்கு வைத்தது என்று நான் கேட்கவில்லை.

கால்வாசிக்கு வந்த கிழமை, ஒரு பின்னேரம் மூன்று மணிபோல, குண்டு போடும் பொம்மர் வந்தது. கணவர் தோட்டத்தில். நானும் இராசமணி அக்காவும் நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் இறங்கினோம். முதல் சுற்றிலேயே என் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. காதுக்குள் கேட்டது. தொண்டைக்குள் கேட்டது. ஐந்தாம் நாள் விரதம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். முடிந்தது, இருந்தது ஒரு தடவைதான், அது முடிந்தது.

சேலைத் தலைப்பில் ஒரு கால்வாசியை முடிந்து வைத்திருந்தேன், களவாக. அவிழ்க்கப் போனேன். இறுக முடிந்த முடிச்சு அவிழவில்லை.

மணிக்கூடு இல்லை. என்ன செய்தேன் என்றால், ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்தேன், மற்றக் கையால் இராசமணி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவருடையது என்னுடையதைவிட விரைவாக அடித்தது.

"என்னடி செய்யிறாய்?"

"அக்கா, உங்களுக்கும் அடிக்குது."

"அடிக்காமல்? எனக்கு ஒருத்தரும் வால்வு வெட்டேல்லை. பிளேன் வந்தால் ஆருக்கெண்டாலும் அடிக்கும்."

"முந்தி எனக்கு அடிக்கேல்லை அக்கா."

"ஓம், முந்தி நீ பங்கருக்கே வாறேல்லை. கிணத்தடியில நிண்டு நாங்கள் ஓடுறதைப் பாத்துச் சிரிப்பாய். உனக்கு விசர் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சனான்."

அது உண்மை. இரண்டு வருடம் எனக்குப் பயம் வரவில்லை. நெஞ்சை வெட்டியபின் தைரியம் வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் நம்பினேன். பெருமையும் பட்டேன். அது தைரியம் இல்லை. குளிசை. மூளைக்குப் பயம் தெரிந்திருக்கும், உடம்புக்குச் செய்தி போகவில்லை. மற்றவர்கள் ஓடும்போது நான் வெளியில் நின்றேன். ஒரு துண்டு இரும்பு என் பக்கம் வந்திருந்தால், அதையும் ஒருவரும் அந்த உறையின் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

பொம்மர் தெற்கே போனது. கழுத்திலிருந்து கையை எடுக்காமல் இருந்தேன். மெல்ல இறங்கியது. நான் ஒன்றும் விழுங்கவில்லை, ஊசி போடவில்லை, ஒருவரும் இழுத்துப் பிடிக்கவில்லை. தானாக இறங்கியது. படியேறி வெளியே வந்து, கணவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்து எண்ணியபோது எண்பத்திரண்டு.

"ஏன் சிரிக்கிறாய்?" என்றார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நான் பயந்திட்டனப்பா" என்றேன்.

அவர் என்னைவிட்டு இராசமணி அக்காவைப் பார்த்தார்.

"உண்மைதான், தம்பி. நல்லாப் பயந்தவள்" என்றார் அக்கா. "இனிப் பிழைச்சிடுவள்."

தை முடிந்து மாசி பிறந்தபின் கடைசிக் கால்வாசியைப் போட்டேன். அடுத்த நாள் மணிக்கூடு பார்த்தேன், போட ஒன்றும் இல்லை. அன்று முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் கழுத்தில் கை வைத்தபடி இருந்தேன். அதற்கு அடுத்த நாள் அரைவாசி நேரம். ஒரு கிழமையில் கீரைப் பாத்தியில் நின்றபோது, காலமையிலிருந்து ஒருமுறைகூட எண்ணவில்லை என்பது ஞாபகம் வந்தது.

இப்போது எட்டு மாதம். படுத்திருக்கும்போது எழுபத்தாறு. தண்ணீர் இறைத்தால் நூற்றிருபது, கொஞ்சம் நின்றால் தொண்ணூறு. கைகள் சூடு. கனவுகள் மங்கி, மற்றவர்களுடைய கனவுபோல ஆகிவிட்டன. அந்தப் பெண் வைத்தியர் தொடங்கிய மாதாந்தப் பென்சிலின் ஊசியைத் தொடர்ந்து போடுகிறேன். அதை நிறுத்தினால் வாதக் காய்ச்சல் திரும்ப வந்து வால்வைக் கெடுக்கும். குளிசை நின்றுவிட்டது என்று ஊசியையும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேறு.

முன்பு என் நாள் மூன்று துண்டு. குளிசையிலிருந்து குளிசை வரைதான் நான் யோசித்தேன். இப்போது காலமை தொடங்கினால் இருட்டும் வரை ஒரே நாள். அடுத்த போகத்துக்கு விதை வெங்காயம் கட்டித் தூக்கியிருக்கிறேன். வால்வு எத்தனை வருடம் தாங்கும் என்று வைத்தியருக்கும் தெரியாது. பத்து என்றார், இருபதும் இருக்கலாம் என்றார். அது எனக்குப் போதும். கோபம் வந்தால் நெஞ்சு அடிக்கிறது. அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கோபத்தோடுதான் போன கிழமை டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்துக்கு அல்ல. ஏழு பேர் இருந்தார்கள். முறை வந்தபோது கேட்டேன், கொழும்புத் துண்டில் எழுதியிருந்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று.

"விரதம் பிடிக்க முதல் என்னட்டைக் கேட்டிருக்க வேணும் நீர்" என்றார்.

"வெள்ளிக்கிழமை விரதம் சொன்னனான். நீங்கள் ஓம் ஓம் எண்டனீங்கள்."

"இப்ப சுகமாத்தானே நிக்கிறீர். பிறகேன் ஊரெல்லாம் கதைச்சுத் திரியிறீர்?"

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற வைத்தியர்கள் கொழும்புக்கும் லண்டனுக்கும் போனபோது இந்த மனிதர் போகவில்லை. குண்டு விழுந்த நாளிலும் கதவு திறந்தார். கடலால் மருந்து எடுப்பித்தார். அதற்கு ஊர் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நானும் சொல்கிறேன். நன்றி வேறு, கேள்வி வேறு.

திரும்பி வரும்போது வாங்குப் பலகையில் இருந்த ஒரு மனிதரின் மடியில் உறையைக் கண்டேன். அதே எழுத்து. மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பின். கழுத்தில் உருத்திராட்சம். சஷ்டி பிடிப்பீர்களோ என்று கேட்டேன். பதினாறு வருடமாக ஒன்றும் விடவில்லை என்றார். என்ன குளிசையென்றாலும் கேளாமல் நிறுத்தக் கூடாது, வைத்தியரிடம் கேளுங்கள் என்று சொன்னேன். ஒரு தோட்டக்காரி சொல்வதை அவர் ஏன் நம்ப வேண்டும்? சிரித்துவிட்டு உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். கேட்டீர்களோ என்று கேட்டேன். "கேட்டனான். ஓம் எண்டவர்" என்றார்.

எதற்கு ஓம்? விரதத்துக்கா, குளிசைக்கா?

வைத்தியர் ஐயா, தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் சஷ்டி தொடங்குகிறது. அதற்கு முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத்தில் கூட்டம் இருக்கிறது. உங்களுக்கும் அழைப்பு வரும். உங்கள் உறையை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் விரதம் இருக்கப் போகிறார்கள்? அவர்களில் யார் யார் இந்தக் குளிசை போடுகிறவர்கள்? சாப்பிடாத நாளில் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? அவர்களுடைய துண்டுகளில் எழுதியிருப்பதில் இன்னும் எதையெல்லாம் வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்? டிஸ்பென்சரிக் கதவுக்குள் என்னிடம் சொல்ல வேண்டாம். அங்கே வந்து, எல்லோருக்கும் கேட்க, எழுந்து நின்று சொல்லுங்கள்.